குறட்டைக்குச் சாட்சி யார்?

தீபாவளிக்குக் கும்பகோணத்துக்கு வந்த என் மகள் அன்று என் அறையில் படுத்துக்கொண்டாள். விடியற்காலை மூன்று மணி இருக்கும், என்னை உலுக்கி எழுப்பினாள். விளக்கைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். “அம்மா, நீ பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே. திடீர்னு சத்தமே இல்ல. மூச்சே விடல. நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு வரைக்கும் வந்துட்டேன். அப்புறம்தான் பெரிசா ஒரு இழுப்பு இழுத்தே” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. “பொம்பளை குறட்டை விடுறான்னு இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிவைக்காதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஆண் குறட்டை விட்டால் நம் வீடுகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. “பாவம், அலைஞ்சுட்டு வந்து அசந்து தூங்குறார்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவோம். அடித்துப்போட்டது போன்ற தூக்கம், நிம்மதியான தூக்கம் என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பெண் குறட்டை விட்டால் அது வெட்கக்கேடு. இரண்டுமே தவறு. பெரிய குறட்டை என்பது நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. காற்று போகவேண்டிய வழி குறுகிவிட்டது, அதன் வழியே காற்று முண்டிக்கொண்டு போகிறது என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். அந்த வழி முழுதாக மூடிக்கொள்ளும்போது சத்தமும் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் ‘அப்பாடா, குறட்டை நின்றது’ என்று நினைக்கும் அந்த அமைதிதான் உண்மையில் ஆபத்தான நேரம்.

ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் தூக்க மூச்சடைப்பு நடக்கும் விதம் எளிமையானது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. சிலருக்கு அந்த இடம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சை இழுத்துக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் உடலைச் சில நொடிகள் எழுப்பிவிடுகிறது. தொண்டை திறக்கிறது, ஒரு பெரிய இழுப்பு, மறுபடி தூக்கம். எழுந்ததே நமக்கு நினைவிருக்காது. குறைந்தது 10 நொடி நீடிக்கும் இப்படிப்பட்ட அடைப்பையும், கணிசமாகக் குறைந்த மூச்சையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. ஒரு மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கழுத்தை நெரித்து விடுவதற்குச் சமம். இரவு முழுக்க இப்படிப் போராடும் உடலில் பி.பி. ஏறாமல் என்ன செய்யும்? இதயத் துடிப்பு தாறுமாறாவது, பக்கவாதம், கட்டுக்குள் வராத சர்க்கரை என்று பலவற்றோடும் இந்த நோய் கைகோத்து வருகிறது.

என் கதையும் அப்படித்தான். நான்கு வருடமாக ஓயாத அசதி. காலையில் எழுந்ததும் தலையில் கல்லை வைத்த மாதிரி கனம். இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்துவிடுவேன். பி.பி.க்கு ஒரு மாத்திரை இரண்டானது. தைராய்டு பார்த்தார்கள், ஹீமோகுளோபின் பார்த்தார்கள், வைட்டமின் டி பார்த்தார்கள். “மாதவிடாய் நின்ன வயசு, அப்படித்தான் இருக்கும்மா” என்று ஒருவர் சொன்னார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார் இன்னொருவர். இத்தனை பேரில் ஒருவர்கூட, நீங்கள் குறட்டை விடுவீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் இந்த நோய்க்கு நோயாளி சாட்சி அல்ல. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. அறுவைச் சிகிச்சைக்கு வருபவர்களில் யாருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று கண்டறிய, கனடாவின் டொரான்டோ நகரில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சிஸ் சங்கும் அவர் குழுவினரும் 2008-ல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். ஸ்டாப்-பேங் என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கப் பயன்படுவது அதுதான். குறட்டை சத்தமாக இருக்குமா, உங்கள் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்பவை அதில் முக்கியமான கேள்விகள். ஆண் என்றாலே ஒரு மதிப்பெண். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஒன்று. நல்ல பட்டியல்தான். ஆனால் நம் வீட்டுப் பெண்ணை யார் பார்த்தது? எல்லோரும் படுத்த பின் படுத்து, எல்லோருக்கும் முன்னால் எழுபவள் அவள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கணவன் கூடத்தில், மனைவி உள்ளே என்று பிரிந்து படுப்பது எத்தனையோ வீடுகளில் வழக்கம். என் வீட்டிலும் பத்து வருடமாக அப்படித்தான். கணவனை இழந்த பெண்களைக் கேட்கவே வேண்டாம்.

எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம். அதில் 4.7 கோடிப் பேருக்கு நடுத்தரம் அல்லது கடுமை. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம் என்கிறது அந்தத் தொகுப்பு. மாதவிடாய் நிற்கும்வரை ஹார்மோன்கள் பெண்ணுக்கு ஓரளவு காவலாக இருப்பது உண்மை. அதற்குப் பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. பெண்கள் பெரும்பாலும் அசதி, தலைவலி, தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். குறட்டை என்று சொல்லி வருவதில்லை. வேறு ஏதாவது நோயின் பெயரோடு திரும்பிப் போகிறார்கள்.

மகள் விடவில்லை. பெங்களூருவிலிருந்து தினம் போன் செய்து, தஞ்சாவூரில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போக வைத்தாள். அவர் கேட்டுக்கொண்டு, “முழுப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி லேபிலேயே தங்கணும். திருச்சி போகணும். முதல்ல வீட்டிலேயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்” என்றார். ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். செல்போன் அளவுக்கு ஒரு பெட்டி. அதை நெஞ்சில் ஒரு பட்டையால் கட்டவேண்டும். மூச்சு விடும்போது நெஞ்சு விரிவதை அந்தப் பட்டை பதிவு செய்யும். மூக்கில் மாட்ட, ஆக்சிஜன் கொடுக்கும்போது வைப்பார்களே, அதே மாதிரி மெல்லிய குழாய். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டு 94-க்குக் கீழே இறங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்த அதே கருவிதான். அதற்கு வழிசெய்த தத்துவத்தை 1974-ல் கண்டவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். கொரோனா உலகைச் சூழ்ந்திருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

“நகப்பூச்சு இருந்தா எடுத்துடுங்கம்மா. பத்து மணிக்கு இந்தப் பட்டனை அமுக்கிட்டுப் படுத்துடுங்க. எப்பவும் போலத் தூங்குங்க, காலைல வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். எப்பவும் போலத் தூங்குவதுதான் முடியவில்லை. மூக்கில் குழாய் உறுத்தியது. புரண்டால் பட்டை நழுவிவிடுமோ என்று பயம். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கோயில் மணி அடிக்கும்போது விழித்துத்தான் இருந்தேன்.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். மணிக்கு 4.3. அதன் கீழே பெரிய எழுத்தில் ‘நார்மல்’. செலவு 4,500 ரூபாய். மகளிடம் “பார்த்தியா” என்றேன். மருத்துவரிடம் திரும்பிப் போகவில்லை. பி.பி. மாத்திரை வாங்கத் தற்செயலாக அவர் மருத்துவமனைப் பக்கம் போன ஒரு நாளில்தான் அவர், “அந்த டெஸ்ட் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அவர் அந்த ஒரு பக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நிறுவனத்திடம் கேட்டு இரவு முழுவதற்குமான பதிவை வரவழைத்தார். கணினித் திரையில் மூச்சுக் கோடும் ஆக்சிஜன் கோடும் ஓடின. பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கருவி ஓடியது 7 மணி நேரம். மூச்சு தடைப்பட்டது 30 தடவை. முப்பதை ஏழால் வகுத்தால் 4.3. “நீங்க எத்தனை மணி நேரம்மா தூங்கினீங்க?” என்றார். மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம் என்றேன். “அப்போ முப்பதை மூணால வகுக்கணும். பத்து வருது. இது நார்மல் இல்ல” என்றார்.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டில் எடுக்கும் பெரும்பாலான பரிசோதனைகளில் தலையில் மின்முனை எதுவும் ஒட்டுவதில்லை. அதனால் நாம் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்பது அந்தப் பெட்டிக்கு நேரடியாகத் தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் தூங்கிய நேரமாகச் சேர்த்து வகுத்துவிடும். வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும். அது மட்டுமல்ல. ஆக்சிஜன் பெரிதாக இறங்காமல், மூச்சு குறைந்து மூளை மட்டும் விழித்துக்கொள்ளும் நிகழ்வுகள் உண்டு. பெண்களிடம் இவை அதிகம். மூளை அலையைப் பார்க்காத கருவி இவற்றை எண்ணவே எண்ணாது. ஆக, தூக்கம் பிடிக்காமல் தவிப்பவர்கள், பெண்கள், லேசான அல்லது நடுத்தர நோய் உள்ளவர்கள்தான் இந்தப் பரிசோதனையின் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறார்கள். நான் மூன்றிலுமே இருந்தேன்.

இது மருத்துவ உலகுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: வீட்டுப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலோ, முடிவு தெளிவில்லாமல் இருந்தாலோ, பதிவு பழுதாக இருந்தாலோ, நோயாளியை லேபில் முழுப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். குறைந்தது 4 மணி நேரமாவது பழுதில்லாத பதிவு இருக்கவேண்டும். கருவி தானாகப் போடும் கணக்கை மட்டும் நம்பாமல் பதிவை ஒரு மனிதர் பார்க்கவேண்டும். எனக்கு வந்த அந்த ஒற்றைப் பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. ‘உண்டு’ என்று இந்தப் பரிசோதனை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால் அது கடைசித் தீர்ப்பு அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வோர் அறிக்கையிலும் தமிழில் அச்சிட்டாக வேண்டும் என்று அரசு விதி செய்தால் என்ன குறைந்துபோகும்?

திருச்சி லேபில் ஒரு இரவு படுத்தேன். தலையில், கண்ணோரம், தாடையில், காலில் எல்லாம் ஒயர். பக்கத்து அறையில் ஒரு பெண் ஊழியர் இரவெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு மணிக்கு 17. கனவு வரும் தூக்கத்தில் மட்டும் 40. அந்த நேரத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் துவண்டுவிடும், தொண்டையும் சேர்ந்துதான். வீட்டில் பரிசோதித்த அன்று நான் அந்தத் தூக்கத்துக்கே போகவில்லை போலிருக்கிறது. செலவு 14,000 ரூபாய். கும்பகோணத்திலிருந்து போக வர, துணைக்கு ஒருவர், மறுநாள் வேலை கெடுவது தனி.

இவ்வளவு சொன்ன பிறகும் வீட்டுப் பரிசோதனை வேண்டும் என்றுதான் வாதாடுகிறேன். லேபில் ஒருவரைப் பரிசோதிக்க ஓர் அறையும் ஒரு முழு இரவும் விழித்திருக்கும் ஊழியரும் வேண்டும். பத்துக் கோடிப் பேருக்கு அது எந்தக் காலத்திலும் நடக்காது. பெரிய உடம்பு, ஊரை எழுப்பும் குறட்டை, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் என்று சந்தேகம் வலுவாக இருப்பவருக்கு வீட்டுப் பரிசோதனையே போதும். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2008-லேயே அதை ஏற்றுக்கொண்டது. இந்திய மருத்துவர்கள் 2014-ல் வகுத்த வழிகாட்டுதலும், வேறு பெரிய நோய்கள் இல்லாத, சந்தேகம் வலுவான நபர்களுக்கு இதை அனுமதிக்கிறது. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம் போன்றவை வந்தவர்களுக்கு லேப்தான் சரி. 2024-ல் சாம்சங், ஆப்பிள் கைக்கடிகாரங்களுக்கும் இந்த அறிகுறியைக் கண்டு எச்சரிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவை மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லும், அதோடு சரி.

நான் கேட்பது வேறு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இன்று எங்கள் தெருவுக்கும் வருகிறது. தன்னார்வலர் ஒரு பெண், தோளில் பையுடன் வந்து பி.பி. பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். நோயாளியின் வீட்டு வாசற்படி ஏறும் இப்படியொரு ஏற்பாடு எத்தனை மாநிலங்களில் இருக்கிறது? அவருடைய பதிவேட்டில் மூன்று கேள்விகள் சேர்க்கவேண்டும்: தூக்கத்தில் குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குகிறதா, காலையில் தலை வலிக்கிறதா? மூன்று மருந்து சாப்பிட்டும் பி.பி. இறங்காதவர்களில் கணிசமானவர்களுக்கு இந்த மூச்சடைப்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் அவர்களை ஒரு இரவு பார்த்துவிடலாம். ஒரு வட்டாரத்துக்கு இரண்டு பெட்டி போதும். பெட்டி வீடு வீடாகப் போகும். மூக்குக் குழாய் மட்டும் ஆளுக்கொன்று புதிது. பதிவை மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் நுரையீரல் துறை படித்துச் சொல்லட்டும். ‘இல்லை’ என்று வந்தும் அறிகுறி தொடர்பவருக்கு அங்கே ஒரு படுக்கை.

ஓட்டுநர்களுக்கு இது இன்னும் அவசரம். நியூயார்க்கில் 2013 டிசம்பர் 1 அன்று ஒரு புறநகர் ரயில் வளைவில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் கண் அயர்ந்திருந்தார். கடுமையான ஸ்லீப் ஆப்னியா அவருக்கு இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. 2016-ல் அருகிலுள்ள ஹோபோக்கன் நிலையத்துக்குள் ரயில் மோதியபோதும் இதே காரணத்தை விசாரணையாளர்கள் கண்டார்கள். நம் ஊரில் ராத்திரி பஸ் ஓட்டுபவருக்குக் கண் பரிசோதனை செய்கிறோம். அவருடைய தூக்கத்தையும் பரிசோதிக்க வேண்டும், அதுவும் அவர் வீட்டிலேயே. முடிவு என்னவானாலும் வேலை போகாது என்ற எழுத்துபூர்வமான உறுதியோடு செய்யவேண்டும். அந்த உறுதி இல்லையென்றால் எந்த ஓட்டுநரும் உண்மையைச் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பரிசோதித்துவிட்டுக் கைவிடுவதிலும் பயனில்லை. 1981-ல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை அழுத்திச் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கிறது என்று காட்டினார். சி-பாப் என்ற அந்தக் கருவிதான் இன்றும் முதல் சிகிச்சை. எனக்கு 42,000 ரூபாய் ஆனது. கூலி வேலை செய்பவர் எங்கே போவார்? அரசு மருத்துவமனைகள் கருவியை வாங்கி வைத்து, குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். மாட்டிக்கொள்ளப் பழக்கிவிட ஆளும் வேண்டும். 2016-ல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், சி-பாப் கொடுக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அதை மாட்டியிருந்தார்கள். அலமாரியில் கிடக்கும் கருவி யாரையும் காப்பாற்றாது. உடல் எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விடுதல், சிலருக்குப் பல்லில் மாட்டும் கவசம் என்று மற்ற வழிகளையும் யாராவது உட்கார்ந்து பேசிப் புரியவைக்க வேண்டும்.

எனக்கும் முதல் வாரம் மூச்சு முட்டியது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் காபி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: தலையில் அந்தக் கனம் இல்லை. இரவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. அடுப்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

என் அம்மா 61 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். கூடத்தில் தனியாகத்தான் படுத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், புண்ணியவதி, யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். அம்மாவின் குறட்டை திண்ணை வரை கேட்கும். பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பி.பி. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று அவரை ஒரு இரவு பார்க்க எங்கள் ஊரில் எந்தப் பெட்டியும் இல்லை.

போன வாரம் என் நாத்தனார் மாயவரத்திலிருந்து போன் செய்தாள். கணவர் போய் ஆறு வருடமாகிறது, மகன் துபாயில். வேறு எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அண்ணி, நீங்க எடுத்தீங்களே அந்த டெஸ்ட், அதை வீட்டுக்கே வந்து எடுப்பாங்களா? எனக்குக் காலைல எழுந்தா தலையைத் தூக்க முடியல” என்றாள். ராத்திரி குறட்டை விடுவாயா என்று கேட்டேன். “எனக்கு எப்படித் தெரியும் அண்ணி, யார் இருக்கா சொல்றதுக்கு?” என்றாள். வெள்ளிக்கிழமை பெட்டி அவள் வீட்டுக்கு வருகிறது. அன்று ராத்திரி நானும் அவள் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கப்போகிறேன். பெட்டி எண்ணுவதை எண்ணட்டும், அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பதை நான் குறித்துக்கொள்வேன்.